எட்டாவது முடி

முப்பது வருடமாக எனக்கு முடி எண்ணுகிற வேலை, ஐயா. வழுக்கைத் தலையனுக்கு இப்படியொரு பிழைப்பா என்று அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கும்தான்.

போலித்தேள் என்று ஒரு பூச்சி மாதிரியான ஜீவன். அரிசியில் பாதிதான் இருக்கும். நண்டு மாதிரி இடுக்கிக் கொடுக்கு உண்டு, வால் கிடையாது. அந்தக் கொடுக்கிலுள்ள உணர்முடிகளை நுண்நோக்கியில் எண்ணித்தான் அது எந்த உயிரினக் குடும்பம் என்று சொல்வோம். எட்டு இருந்தால் பழைய குடும்பம். ஏழே முடியோடு ஒன்று என்னிடம் சிக்கியது. அதற்கென்று தனிக் குடும்பமே அமைத்தேன். ஒரே இனம், ஒரே ஜீவன், அதுவும் செத்தது. உலகத்தில் என்னைத் தெரிந்த ஆராய்ச்சியாளர்கள் பதினோரு பேர்; அவர்களுக்கும் அதனால்தான் தெரியும்.

எனக்கு ஸ்லைடு செய்து தருபவன் என் மனைவியின் தம்பி. கை பொன், வாய் மோசம். செவ்வாய்க்கிழமை அந்த ஏழு முடி ஜீவனின் பழைய ஸ்லைடைப் புதுப்பித்துக்கொண்டிருந்தவன் கூப்பிட்டான்.

"மாமா, இங்க ஒரு குழி இருக்கு. முடி விழுந்த இடம்."

"நல்லாப் பாரு."

"நாலு தடவை பாத்துட்டேன். எடுக்கும்போது நீங்களே பிடுங்கியிருப்பீங்க. உங்க தலையில விழுந்தா விட்டுடலாம், இதை எப்படி விடறது? வெள்ளிக்கிழமைக்குள்ள ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பிடலாம்."

நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான். குழி இருந்தால் எட்டு. எட்டு என்றால் என் குடும்பம் இல்லை; நானும் இல்லை.

மறுநாள் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குப்பி வேண்டும் என்றேன். ஆல்கஹால் குப்பிகள் இருக்கும் நிலவறைக்கு இறங்கிப் போனான். அங்கே தீப்பிடித்தால் வெளியிலிருந்து கைப்பிடியை இழுக்க வேண்டும். அறை முழுக்க வாயு நிரம்பித் தீ அணைந்துவிடும். தீக்கு மட்டுமல்ல, யாருக்கும் மூச்சு இருக்காது. கதவைப் பூட்டினேன். இழுத்தேன். உள்ளிருந்து தட்டியதை எண்ணினேன், பழக்கதோஷம். பத்தொன்பது.

பிறகு அவன் மேசையில் அந்தத் திருத்தக் கட்டுரையைப் பார்த்தேன். என் பெயரில் எழுதி வைத்திருந்தான். 'இப்பிழையை ஆசிரியரே கண்டறிந்தார்' என்று முதல் வரி. அக்காள் புருஷன் மானம் போகக் கூடாதே என்று நினைத்திருக்கிறான், பாவம்.

நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? ஒரே ஒரு உதவி, ஐயா. அந்த ஸ்லைடையும் ஒரு நுண்நோக்கியையும் இங்கே வரவழையுங்கள். அந்தக் குழி வெறும் தூசியாகக்கூட இருக்கலாம்.