எட்டின் மேல் வைத்த பொட்டு

தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நம்பர் பிளேட் கடையில, எங்க கார் நம்பர்ல எட்டை மட்டும் சின்னதாக்கித் தர முடியுமான்னு கேட்டேன்க்கா," என்றாள் இளையவள்.

நான் காதிலிருந்த பாட்டை நிறுத்தினேன்.

"எதுக்குடி?"

"எட்டு சனியோட நம்பர்க்கா. எங்க வூட்டுக்காரருக்கு ஆகாது. கடைக்காரர் முடியவே முடியாதுன்னுட்டார். எல்லா நம்பரும் ஒரே சைஸ்லதான் இருக்கணுமாம், இல்லன்னா போலீஸ் புடிக்குமாம்."

"அப்புறம்?"

"வெள்ளிக்கிழமை பூஜை போட்டு, அந்த எட்டு மேலயே சந்தனத்தை அப்பி, பெருசா குங்குமம் வெச்சிட்டேன். சேலையூர்ல நிறுத்திட்டாங்க. டிராபிக் போலீஸ்காரர் அழிக்கச் சொன்னார். பொட்டை என் கையால அழிக்க மாட்டேன், நீங்களே அழிங்க சார்னேன்."

"அழிச்சாரா?"

"கர்சீப்பை எடுத்துட்டுக் குனிஞ்சார். பொட்டைப் பார்த்தார், வண்டிக்குள்ள இருந்த எங்க வூட்டுக்காரரைப் பார்த்தார். 'நானும் குடும்பஸ்தன்மா. வெள்ளிக்கிழமை அதுவுமா என்னால முடியாது. நாளைக்கு நீங்களே துடைச்சிடுங்க'ன்னு அனுப்பிட்டார்."

"துடைச்சியா?"

"எப்படிக்கா? மறுநாள் சனிக்கிழமை. அன்னிக்குப் போயா எட்டைத் திறந்து விடுவாங்க?"