தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்

தேத்தண்ணியைக் குடியுங்கோ தம்பி, ஆறினால் வாயில வைக்கேலாது. இந்தச் சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரன் சீனியைத்தான் அள்ளிப் போடுவான், தேயிலைச் சாயம் மருந்துக்கும் இராது. நான் கொஞ்சம் எழும்பி நடந்து நடந்துதான் கதைப்பன், குறை நினைக்காதேங்கோ. இப்ப கொஞ்ச நாளா ஒரு இடத்தில குந்தி இருக்கேலாமல் கிடக்கு. கதவையும் சாத்திவிடுறன். பின் வளவில ஆரோ மிசின் போட்டுத் தண்ணி இறைக்கிறாங்கள், அந்தச் சத்தம் காதுக்க நிண்டு குடையுது.

நீங்கள் மஸாஹிர். கட்டாரில மிசின் திருத்திற வேலை, லீவில வவுனியாவுக்கு வந்து நிக்கிறியள். இன்ரநெற்றில எங்கட கேள்வி பதில் களத்தில உங்கட பேரைக் கண்டிருக்கிறன், முகத்தை இண்டைக்குத்தான். லண்டனில இருக்கிற களச் சொந்தக்காரர் என்ர பேரையும் கடையையும் உங்களுக்குச் சொல்லிப்போட்டார். சொல்லட்டும், நான் ஒண்டையும் ஒளிக்கேல்லை. அங்க ‘நெறியாளன்’ எண்டு எழுதிற மட்டுறுத்துனர், மற்றவை எழுதிறதைப் பாத்து வேண்டாததை அழிக்கிற ஆள், நான்தான். இஞ்ச தில்லைநாதன், இன்ரநெற் கடைக்காரன். உங்கட பதில் ஏன் காணாமல் போச்செண்டு கேக்கத்தானே வந்தனீங்கள். சொல்லுறன். முதலிலயிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

களம் முதல் எப்பிடிக் கிடந்ததெண்டு உங்களுக்கும் தெரியும். கரண்ட், மோட்டார், கொம்பியூட்டர், எந்தப் பிரச்சினை எண்டாலும் தமிழில கேக்கலாம், தெரிஞ்சவை சொல்லுவினம். நல்ல விசயம்தான். சண்டை நிண்டு பாதை திறந்த புதுசில சனம் அள்ளுப்பட்டு வந்தது. வந்து என்ன கேட்டினம்? ‘கொம்பியூட்டர் வேலை செய்யுதில்லை, உதவி.’ அவ்வளவுதான் கேள்வி. என்ன கொம்பியூட்டர், என்ன செய்யேக்க நிண்டது, ஒரு விபரம் இல்லை. நாங்கள் என்ன சாத்திரியாரோ? அதையும் பாவம் பாத்து, ஒவ்வொண்டாத் துருவிக் கேட்டு, மணிக்கணக்கா இருந்து பதில் எழுதுவினம். அடுத்த கிழமை இன்னொராள் வந்து அதே கேள்வியைக் கேக்கும். விசயம் தெரிஞ்ச ஆக்கள் அலுத்துப்போய் ஒவ்வொருத்தராக் கழண்டினம். எனக்கு வயிறு எரிஞ்சது.

அதுக்குப் பிறகுதான் விதி எழுதினனான். கேக்கிறவை முதல் தேடிப் பாக்கோணும். கேட்டால் முழுசாக் கேக்கோணும்: என்ன மிசின், என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்து பாத்தனீங்கள். பதில் சொல்லுறவைக்கும் ஒண்டு இருந்தது. தேடாமல் வந்தவைக்கு ஊட்டிவிடாதேங்கோ. தேடச் சொல்லுங்கோ, இல்லாட்டிப் பேசாமல் இருங்கோ. ஊட்டிவிட்டால் அந்தப் பதிலை நான் அழிப்பன். உது தண்டனை இல்லை தம்பி, பழக்கிறது. வற்றாப்பளையில ஒரு வாத்தியார், முதல் தரம் நான் பேசினதுக்குக் கோவிச்சுக்கொண்டு போனவர், பிறகு தானே தேடிப் படிச்சுத் தன்ர ரேடியோவைத் திருத்தினார். எனக்கு நன்றியும் எழுதினவர். அதை நீங்களும் வாசிச்சிருப்பியள்.

இனி ஜெகதீஸ்வரி. ஆள் நெளுக்குளம் பக்கம். புருசன் பாலன், மிளகாய்த் தோட்டக்காரர். சுவிசில இருக்கிற தமையனோட எழுதிக் கதைக்க ஒவ்வொரு கிழமையும் இஞ்ச வருவா. களத்தைக் காட்டிக் குடுத்ததே நான்தான். ஆனால் மட்டுறுத்துறது நான் எண்டு சொல்லேல்லை. ஏன் சொல்லோணும்? சொன்னால் எல்லாரும் இஞ்ச வந்து மேசையைச் சுத்தி நிண்டெல்லோ கேப்பினம்.

ஒருக்கா களத்தில கேட்டா, தையல் மிசின் நூலை அறுக்குது, என்ன செய்ய எண்டு. என்ன மிசின், என்ன நூல், ஒண்டும் இல்லை. தேடச் சொல்லி எழுதினன். அண்டைக்கு வெளிக்கிடேக்க என்னட்டச் சிரிச்சுக்கொண்டு சொன்னா, “அண்ணை, நீங்கள் காட்டின களத்தில நெறியாளன் எண்டொரு மனுசன் இருக்குது. அப்பப்பா, வாயைத் திறந்தால் கடிக்க வருகுது. வீட்டில பெண்சாதி சோறு போடுறேல்லையோ தெரியேல்லை.”

நானும் சிரிச்சன். என்ர மனிசி என்னை விட்டிட்டுத் தாய் வீட்டை போய் அப்ப மூண்டு வரியம். பாவம், ஜெகதீஸ்வரிக்கு அது எப்பிடித் தெரியும்? அதுக்கும் பிறகு நடந்ததுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் அப்பிடி நினைக்கக் கூடும் எண்டதுக்காக முன்கூட்டியே சொல்லி வைக்கிறன்.

பொறுங்கோ, அந்தச் சத்தம் நிண்டிட்டுதோ? இல்லை, கேக்குது. பறவாயில்லை.

போன ஆவணியில என்ன வெயில் எண்டு தெரியுந்தானே. இல்லை, நீங்கள் கட்டாரில. இஞ்ச குளமெல்லாம் வெடிச்சுப் போய்க் கிடந்தது. கிணறுகளில தண்ணி கீழ போயிட்டுது. மிசினை மேல கிணத்துக் கட்டில வைச்சால் அவ்வளவு ஆழத்திலயிருந்து தண்ணி ஏறாது. அப்ப எங்கட தோட்டக்காரர் செய்யிற வேலை உங்களுக்குத் தெரியும். கிணத்துக்குள்ள பாதி ஆழத்தில இருக்கிற திட்டில மிசினை இறக்கி வைச்சு, அங்கயிருந்து இறைப்பினம். மேல திறந்துதானே கிடக்கு, புகை போயிடும் எண்ட நினைப்பு. புகை போகாது. குழியில தேங்கி நிக்கும். அதில இருக்கிற நஞ்சை மணந்து பிடிக்கவும் ஏலாது. கையைக் காலை விறைக்கப் பண்ணி ஆளை அப்பிடியே சரிச்சுப்போடும். எனக்கு இது நல்லாத் தெரியும். களத்தில இதைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையே எழுதி வைச்சிருந்தனான். ‘அடைபட்ட வெளிகளில் உள்ளெரி இயந்திரங்கள்: சில எச்சரிக்கைகள்.’ தமிழ் சுத்தமா இருக்கோணும் எண்டு அந்தத் தலைப்புக்கே ஒரு பின்னேரம் முழுக்க இருந்தனான்.

அண்டைக்கு மத்தியானம். அந்தா, சுவரோரம் இருக்கிற கதிரையில இருந்தவா. பெடியள் கண்டது கிண்டதைப் பாக்காமல் இருக்க, எல்லாத் திரையும் எனக்குத் தெரியிற மாதிரித்தான் மேசைகளைப் போட்டிருக்கிறன். தமையனோட கதைச்சு முடிய களத்தைத் திறந்து எழுதினா. ‘எங்கட கிணத்தில தண்ணி வத்திப் போச்சு. மிசினை உள்ளுக்க இறக்கி வைச்சு இறைக்கலாமோ? இவர் நாளைக்கு இறக்கப் போறார். எனக்கு ஏனோ பயமாக் கிடக்கு.’

நான் என்ர மேசையிலயிருந்து பதில் போட்டன். ‘இது முன்னரே பேசப்பட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.’

நான் பொய் எழுதேல்லை. பேசித்தான் இருந்தது.

அவா தேடினா. அதையும் சொல்லோணும், நான் நியாயமான ஆள். ‘கிணறு’ எண்டு போட்டுப் பாத்தா. ‘மிசின்’ எண்டு போட்டுப் பாத்தா. ‘தண்ணி இறைக்கிறது’ எண்டும் போட்டா. அந்தச் சொல்லொண்டும் என்ர கட்டுரையில இல்லை. அவா தேடிக்கொண்டிருக்கேக்கதான் உங்கட பதில் வந்தது. எனக்கு இப்பவும் பாடம். ‘அக்கா, அல்லாஹ்வுக்காக இறக்க வேண்டாம். புகை உள்ளே நிக்கும், ஆள் மயங்கி விழும். விழுந்தவரைத் தூக்கப் போறவரும் விழுவார். இப்பவே வீட்டுக்குப் போய் நிப்பாட்டுங்கோ.’

பச்சையா ஊட்டிவிடுறது. கட்டுரையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அழிச்சனான். ஓம், நான்தான் அழிச்சனான். அவா தேடுற பக்கத்திலயிருந்து திரும்பி வர முதல் அழிச்சுப்போட்டன். அவா வந்து பாக்கேக்க என்ர பதில் மட்டும்தான் கிடந்தது. கைவிரலைக் கடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கொண்டிருந்தா. நானும் சும்மா இருக்கேல்லை. எழும்பினன், இருந்தன், திரும்ப எழும்பினன். ஒரு சொல்லு மாத்திப் போட்டால் கிடைச்சிடும், போடட்டும், போடட்டும் எண்டு மனசுக்குள்ள சொல்லிக்கொண்டிருந்தன்.

அவா போடேல்லை. எழும்பி என்னட்ட வந்தா.

“அண்ணை, உங்களுக்கு இந்தத் தண்ணி மிசினுகளைப் பற்றி ஏதும் தெரியுமோ?”

இந்தா, இப்ப நீங்கள் இருக்கிற தூரம். முகத்தில வேர்வை. பஸ்ஸுக்கு நேரம் போகுதெண்டு மணிக்கூட்டைப் பாத்துப் பாத்துத்தான் கேட்டா.

நான் சொன்னன், “களத்திலயே வடிவாத் தேடிப் பாருங்கோ பிள்ளை. எல்லாம் அதுக்குள்ள கிடக்கு.”

“தேடினனான் அண்ணை. ஒண்டையும் காணேல்லை. அப்ப பிரச்சினை ஒண்டும் இல்லைப் போல, இருந்தால் ஆரும் எழுதியிருப்பினந்தானே.”

நான் பேசாமல் இருந்தன். அவா பஸ்ஸுக்கு ஓடினா.

நீங்கள் என்னை அப்பிடிப் பாக்காதேங்கோ. நான் என்ன, மிசினை இறக்கச் சொன்னனானோ? ஒரு சொல் சொன்னனானோ இறக்கச் சொல்லி? களத்தில ஒரு ஞாயம், கடையில இன்னொரு ஞாயம் எண்டு நடந்தால் அதுக்குப் பிறகு விதி எதுக்கு? இண்டைக்கு ஜெகதீஸ்வரிக்குச் சொன்னால் நாளைக்கு ஊர் முழுக்க வந்து நிக்கும். ஆராவது ஒராள் இறுக்கிப் பிடிக்கத்தானே வேணும்.

அடுத்தநாள் பின்னேரமே கதை வவுனியா ரவுணுக்கு வந்திட்டுது. பாலன் மிசினை இறக்கி ஸ்ராட் பண்ணியிருக்கிறார். கொஞ்ச நேரத்தால எண்ணெய் பாக்க இறங்கினவர் ஏறி வரேல்லை. பக்கத்துத் தோட்டத்து வீரம்மாவின்ர மகன் தூக்க எண்டு இறங்கினவர். அவரும் வரேல்லை. ஜெகதீஸ்வரியும் இறங்கப் போக, நாலு பேர் தலைமயிரில பிடிச்சு இழுத்து வைச்சிருந்தவையாம். நீங்கள் எழுதின மாதிரியேதான் நடந்தது தம்பி. உங்கட பதில் சரியான பதில், அதில எனக்கு ஒரு கருத்து வேறுபாடும் இல்லை. சொன்ன முறைதான் பிழை.

செத்த வீட்டுக்கும் போனனான். முன்வரிசையில கதிரை தந்தவை.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச பிறகு அவா இஞ்ச வந்தா. தமையனுக்கு எழுதப் போறா எண்டுதான் நினைச்சன். இல்லை, களத்தைத் திறந்தா. கன நேரம் இருந்து எழுதினா. கிணறு எவ்வளவு ஆழம், திட்டு எங்க இருக்குது, மிசின் என்ன மாதிரி, என்ன எண்ணெய், எவ்வளவு நேரம் ஓடினது, பாலன் எப்ப இறங்கினவர், தான் மேல நிண்டு கூப்பிட என்ன சத்தம் வந்தது, எல்லாம் வரிசையா எழுதினா. கடைசியில, ‘நான் முதல் நாள் இதே இடத்தில இருந்து இந்த இந்தச் சொல்லுப் போட்டுத் தேடினனான், ஒண்டும் கிடைக்கேல்லை, நான் எங்க பிழை விட்டனான்?’ எண்டு கேட்டிருந்தா. இத்தனை வரியத்தில அப்பிடி ஒழுங்கான கேள்வி களத்தில ஒருத்தரும் கேக்கேல்லை.

உடன பதில் எழுதினன். ‘நீங்கள் இட்ட தேடுசொல் பிழை. உள்ளெரி இயந்திரம் என்று தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.’ கட்டுரையையும் எடுத்துக் காட்டினன். அவா அதை ஆதியோடந்தமா வாசிச்சா. பிறகு என்ர மேசைக்கு வந்து, “அண்ணை, எல்லாம் அதில கிடந்திருக்கு. நான்தான் ஒழுங்காத் தேடாமல் அந்த மனுசனைச் சாகடிச்சுப்போட்டன்” எண்டு சொல்லிக் குழறி அழுதா. நான் மறுத்துச் சொல்லேல்லை. தோளில தட்டி, “சரி பிள்ளை, இனிக் கவனமா இருங்கோ” எண்டன்.

கட்டாரிலயிருந்து இவ்வளவு தூரம் வந்து கேக்கிறியள், நீங்களே சொல்லுங்கோ தம்பி. ஒழுங்காக் கேட்டவாவுக்கு நான் பதில் சொல்லாமல் விட்டனானோ?