பொடனித் தழும்பு

— இன்னொரு தடவ படிங்க சாமி. மொதல்ல படிச்சது என் காதுல ஏறல.

— நூறு தடவை படிச்சாலும் அதேதான் ராக்கம்மா. "சிப்பாய் நல்லகாமன், அப்பீல் தள்ளுபடி." இந்த ஹாலாஸ்யம் ராத்தூக்கம் கெட்டு எழுதின மனு பதினோரு பக்கம். அவா பதில் நாலு வரி, கேட்டியோ.

— தள்ளுபடின்னா, மறுபடியும் எழுதிப் போடச் சொல்றாகளா?

— இல்லைம்மா. இதுக்கு மேலே அப்பீல் கிடையாதுன்னு கடைசி வரியிலே போட்டிருக்கா. முடிஞ்சு போச்சு. உன் புருஷன் ஏன் வரலை? யுத்தம் முடிஞ்சதுலேர்ந்து வாடிப்பட்டிக்கும் இந்த மனு எழுதற கடைக்கும் அவன்தானே நடந்துண்டிருந்தான்? உன்னை ஒரு நாளும் கூட்டிண்டு வந்ததில்லையே.

— வெள்ளன வலிப்பு வந்து அடுப்புல கைய வச்சுட்டாக சாமி. வெந்துபோச்சு. கோரிப்பாளையம் தர்காவுல ஒக்கார வச்சுட்டு வாரேன், தம்பி தொணைக்கு இருக்கான். "நீ போகாத, ஐயருகிட்ட நானே போய்க்கிறேன்"னு ஒரே சண்டை. தபால்காரரு குடுத்தத மடியில முடிஞ்சுக்கிட்டு நாந்தான் புடிவாதமா வந்தேன்.

— அதானே பார்த்தேன்.

— தீர்ப்புச் சொன்னவுக அவுகள ஒரு தடவையாச்சும் பாத்தாகளா? வலிப்பு வந்து வாசல்ல அறுத்துப்போட்ட கோழியாத் துடிக்கிறதப் பாத்தாகளா?

— யார் பார்த்தா? அப்பீல்லே ஆளைப் பார்க்கறதே இல்லை, காகிதத்தைத்தான். வடக்கே எங்கேயோ ஒரு ரூம்லே மூணு பேர். ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் பட்டாளத்து ஆபீசர், ஒருத்தர் சட்டம் படிச்சவர். கட்டு கட்டா ஃபைல் வரும். எல்லாத்துக்கும் ஒரே கேள்வி. இந்த வியாதி பட்டாளத்தாலே வந்ததா, அதுக்கு முன்னாடியே இருந்ததா? பட்டாளத்தாலேன்னா பென்ஷன். முன்னாடியேன்னா போய்ட்டு வா.

— இதுல கேக்க என்ன சாமி இருக்கு? பட்டாளத்துக்குப் போறதுக்கு முந்திக் கெணறு வெட்டிக்கிட்டிருந்த ஆளு. பர்மாவுல குண்டு விழுந்து, மண்ணு சரிஞ்சு, அரை நாளு மூச்சு முட்டிப் பொதஞ்சு கெடந்தாக. அதுக்குப் பெறகுதான் இம்புட்டும். இப்பக் கெணத்துப் பக்கம் போக முடியல, நெருப்புப் பக்கம் போக முடியல. கூலிக்கு ஒருத்தரும் கூப்பிடுறதில்ல. இந்தப் பென்ஷன் ஒண்ணத்தான் சாமி நம்பிக் கெடந்தோம்.

— எல்லாத்தையும் எழுதினேன். கூட இருந்த ரெண்டு சிப்பாய்கிட்டே கையெழுத்துகூட வாங்கி வச்சேன்.

— பெறகென்ன கேடு?

— அவன் உன்கிட்டே ஒண்ணுமே சொல்லலையா?

— பட்டாளத்து ஆபீசுல காயிதம் தொலஞ்சுபோச்சு, அதான் இழுத்துக்கிட்டுக் கெடக்குன்னு சொன்னாக.

— தொலையவாவது! ஒண்ணு விடாம பத்திரமா இருக்கு. தொலைஞ்சிருந்தா பிழைச்சிருப்பான்.

— ஏஞ்சாமி, எனக்குப் புரியிற மாதிரிச் சொல்லுங்களேன்.

— அவன் பொடனியிலே, பின்கழுத்துலே, ஒரு தழும்பு இருக்கோல்லியோ?

— தழும்பா சாமி?

— என்ன முழிக்கறே? கட்டினவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கதிரருவா மாதிரி வளைஞ்சு.

— இருக்கு.

— அதுதான் ஆளைக் கவுத்துடுத்து. பட்டாளத்தை விட்டு அனுப்பறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியிலே சோதிச்சப்போ, வெள்ளைக்கார டாக்டர் கண்ணுலே பட்டிருக்கு. இது என்னடான்னிருக்கான். வலிப்புக்கு வச்ச சூடுன்னிருக்கான் இவன். எப்போ வச்சது, யார் வச்சான்னு கேட்டதுக்கு, "சின்ன வயசுல எங்க ஆத்தா வச்சது"ன்னுட்டான். டாக்டர் அப்படியே எழுதிண்டுட்டான். சின்ன வயசுலே சூடுன்னா, சின்ன வயசுலேயே வலிப்பு. அப்புறம் பர்மா ஏது, குண்டு ஏது? அந்த மூணு பேருக்கும் அந்த ஒரு வரி போதும், கேட்டியோ.

— அந்த ஒரு வரிக்காகவா? வேற ஒண்ணும் இல்லையா சாமி?

— வேற ஒண்ணுமே இல்லை. நான் மட்டும் சும்மா விட்டேனா? பட்டாளத்துலே சேர்ந்த அன்னிக்கு எழுதின அங்க அடையாளத்தைக் காட்டினேன். மார்புலே மச்சம், முழங்கால்லே வெட்டுக்காயம், அவ்வளவுதான். பொடனியைப் பத்திப் பேச்சே இல்லை. அதுக்கு அவா சொல்றா, தலைமயிர் மறைச்சிருக்கும், டாக்டர் கவனிச்சிருக்க மாட்டார்னு. ஆளே தன் வாயாலே ஒத்துண்டப்புறம் வேறே சாட்சி எதுக்குன்னு.

— தன் வாயால.

— ஆமாம். இதோ, நீ உட்கார்ந்திருக்கியே, இதே பெஞ்சிலே வச்சு மூணு தடவை கேட்டேன். "நல்லகாமா, குண்டடிக்கு அப்புறம் ரெண்டு மாசம் லீவுலே ஊருக்கு வந்தியே, அப்போ யாராவது வச்சாளாடா? வச்சவா வந்து ஒரு சத்தியக் கடுதாசி குடுத்தாப் போதும், ஜெயிச்சுடலாம்"னேன்.

— அவுக என்ன சொன்னாக?

— தலையைக் குனிஞ்சுண்டு, "ஆத்தாதான் வச்சது, ஆத்தா மேல சத்தியம்"னான். சரி, அந்த அம்மாவையே கூட்டிண்டு வாடா, ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னேன். கண்ணு தெரியாது, காது கேக்காது, நடக்க முடியாதுன்னான். அதுக்கு மேலே நான் என்ன பண்றது, சொல்லு.

— அந்த ஆஸ்பத்திரி டாக்டரு ரொம்பக் கோவக்காரராம் சாமி.

— அதையும் சொன்னான். எந்த மிருகம் இப்படிச் சுட்டது, பேரைச் சொல்லு, ஜெயில்லே போடறேன்னு குதிச்சானாம். வெறும் மிரட்டல்தான்.

— அப்ப யாரையும் புடிக்க மாட்டாகளா?

— எவன் பிடிப்பான்? ஊருக்கு ஊர் மாந்தத்துக்கும் மஞ்சக்காமாலைக்கும் சூடு வச்சுண்டுதானே இருக்கா? அத்தனை பேரையும் போட ஜெயிலுக்கு எங்கே போறது? ஏம்மா, அதுக்குள்ளே ஏன் எழுந்துண்டுட்டே? அந்தச் செம்புலே ஜலம் இருக்கு, குடி.

— வேணாம் சாமி. அந்தக் காயிதக் கட்ட இன்னொரு தடவ பிரிச்சுப் பாக்கச் சொல்லி…

— பிரிக்க மாட்டா. போன மாசம்னாகூட மேஜைமேலே கிடந்திருக்கும், புதுச் சாட்சியைச் சேர்த்துண்டிருப்பா. இப்போ முத்திரை குத்தி அலமாரியிலே ஏத்தியாச்சு. வீட்டுக்குப் போ. போய் அந்தக் கிழவிகிட்டே ஒண்ணும் சண்டை போடாதே. பெத்த வயிறு, பிள்ளை எப்படியாவது பிழைக்கணும்னுதான் வச்சிருப்பா.

— அவுக ஆத்தா, அவுக பொறந்த எட்டாம் நாளே செத்துப்போச்சு சாமி. லீவுல வந்தவுகளக் குப்புறப் படுக்க வச்சு, கதிரருவாளப் பழுக்கக் காச்சிச் சூடு போட்டது நாந்தான்.