குடும்பப் புத்தகத்தில் மூன்று பெயர்கள்

"படு! படு!"

அப்பா கத்துகிறார். விழுகிறேன். முகம் சாக்கடை ஓரத்தில். விசில் போல ஒரு சத்தம். நீளமாக. பிறகு தரை என்னைத் தூக்கிப் போடுகிறது. எங்கோ ஓடுகள் சரிகின்றன. எழுந்து ஓடுகிறோம்.

1975 ஏப்ரல். கடைசிச் செவ்வாய்க்கிழமை, போர் முடிவதற்கு முந்தின நாள். காலை எட்டரை மணி. சைகோன் நகரம், விமான நிலையத்துக்குப் போகும் சாலை. என் பெயர் மரி. அன்று எனக்கு ஒன்பது வயது. இன்று புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அப்பா அருளப்பன் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். சைகோன் துறைமுகத்தில் கிடங்குக் காவலர். அம்மா லான் அந்த ஊர்க்காரி. அப்பாவிடம் தமிழ் கற்றவள். பேச வராது. கேட்டால் புரியும். அன்று அவள் மார்போடு கட்டிய துணியில் என் தங்கை ஹோவா. பிறந்து பத்தொன்பது நாள்.

என் கையில் தகரப் பெட்டி. உள்ளே போட்டோக்கள். பட்டாள உடுப்பில் தாத்தாவை யாரோ மையால் வரைந்த படம். அவற்றுக்கு மேலே குடும்பப் புத்தகம். கல்யாணமும் பிறப்பும் இறப்பும் பிரெஞ்சு முத்திரையோடு ஏறும் சின்னப் புத்தகம். அதில் மூன்று பெயர்கள். அப்பா, அம்மா, நான். ஹோவாவின் பெயரை ஏற்ற அப்பா இரண்டு முறை அலுவலகத்துக்குப் போனார். இரண்டு முறையும் கதவு பூட்டியிருந்தது.

ஒரு பள்ளிக்கூடம். கூரையில் பெரிய பிரெஞ்சுக் கொடி. அங்கே குண்டு விழாது என்று எல்லோரும் நம்பினார்கள். கேட்டில் வரிசை. தாள் இருப்பவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம். ஐந்து பேர். ஒருவனுக்குத் தாள் இல்லை. மற்ற தாள்களும் பொய்யாக இருக்கும் என்று சொல்லி ஐந்து பேரையும் திருப்பினார்கள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கேட்டில் பதிவேட்டோடு இருந்தவர் நம் ஊர்க்காரர். சைகோன் மாதா கோயிலில் எங்களுக்குப் பின்வரிசையில் உட்காருபவர். புத்தகத்தைப் புரட்டினார். அம்மாவின் மார்பைப் பார்த்தார்.

"கொழந்த பேரு இதுல இல்லியே, அருளப்பா."

திருப்பி அனுப்பிய ஐந்து பேரும் போன பக்கம் அப்பா பார்த்தார். தூரத்தில் இரண்டு குண்டுகள் விழுந்தன. நான் எண்ணினேன்.

"அது எங்களுது இல்ல. பக்கத்து வூட்டுப் புள்ள."

"அப்ப அவங்க கையில குடுத்துட்டு வரச் சொல்லு. கேட்ட மூடணும்."

அவர் அதையே பதிவேட்டில் எழுதினார். அம்மாவுக்குப் புரிந்தது. அப்பாவைப் பார்த்தாள். அழவில்லை. குனிந்து என் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன், நீ அப்பாவோடு இரு என்று அவள் மொழியில் சொன்னாள். திரும்பி நடந்தாள். ஓடவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

எனக்குத் தமிழ் தெரியும். பொய் என்றும் தெரியும். "அது என் தங்கச்சி" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே போக ஆசைப்பட்டேன். இதையும் எழுதிவைக்கிறேன்.

பெரியம்மா வீடு இரண்டு தெரு தள்ளி. அம்மா முனையில் திரும்பும் வரை பார்த்தேன். பத்து நிமிடம் இருக்கும். விசில். மிகக் கிட்டத்தில். கேட்டின் இரும்பு அதிர்ந்தது. தெரு முனைக்கு மேலே மஞ்சள் புழுதி எழுந்தது. அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

மறுநாள் மதியம்தான் கேட் திறந்தது. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்திருந்தது. போனோம். பெரியம்மா வீட்டுக்குக் கூரை இல்லை. பெரியம்மா வேறெங்கோ ஓடியிருந்தாள். வாசலில் தார்ப்பாய் விரித்து ஆறு பேரை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான்காவது அம்மா. மார்பில் கட்டிய துணி அப்படியே இருந்தது. உள்ளே குழந்தை இல்லை.

ஒரு கிழவர், குழந்தையை யாரோ ஒருத்தி எடுத்துக்கொண்டு போனாள் என்றார். இன்னொருவர், அப்படி எதுவும் இல்லை, தேடாதீர்கள் என்றார். அப்பா அலுவலகம் அலுவலகமாக ஏறினார். எங்கும் பிறப்புத் தாள் கேட்டார்கள். ஒரு இடத்தில், பள்ளிக்கூடத்துப் பதிவேட்டைப் பார்த்து, பக்கத்து வீட்டுக் குழந்தையை நீங்கள் ஏன் தேடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அதோடு அப்பா போவதை நிறுத்தினார்.

அடுத்த வருடம் புதுச்சேரி வந்தோம். நான், அப்பா, பெட்டி. அப்பா வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹோவா என்ற பெயரை வீட்டில் உச்சரித்ததும் இல்லை. நாற்பது வருடம் கழித்து, கதிர்காமம் ஆஸ்பத்திரியில், சாவதற்கு இரண்டு நாள் முன்னால், நான் கேட்காமலே சொன்னார்.

"உங்கம்மா புள்ளைய எங்கனா வுட்டுட்டு வந்துருவான்னு நெனச்சேன்."

கையைப் பிடிக்க வந்தார். நான் தரவில்லை.

போன மாதம் பெட்டியை இந்த ஊர் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் கொடுத்தேன். அங்கே வேலை செய்யும் கவிதா கையுறை போட்டு ஒவ்வொன்றாக எடுத்தது. ஒவ்வொரு போட்டோவுக்கும் எண் போட்டது. தாத்தா படத்துக்குப் பின்னால் பூஞ்சை என்று சொல்லி ஒரு நாள் முழுவதும் துடைத்தது. நல்ல பெண். கண்ணாடிப் பேழைக்கு ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தது. போரின் நடுவில் குடும்ப ஆவணங்களைக் காப்பாற்றிய அருளப்பன் என்று.

நடந்ததைச் சொன்னேன். பட்டியலில் ஹோவாவின் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். கவிதா கையுறையைக் கழற்றி வைத்தது.

"பொறந்ததுக்குத் தாள் எதுனா இருக்காம்மா? ஒரு போட்டோவாவது?"

இல்லை என்றேன்.

"பட்டியல்ல ஏத்த முடியாதும்மா. நீங்க உங்க கையால எழுதிக் குடுங்க. சாட்சியம்னு போட்டு இதுங்க கூடவே வெச்சிடறேன்."

அதனால் எழுதுகிறேன். அந்தக் குறிப்புக்குப் பக்கத்திலேயே இதை வைக்க வேண்டும். படிப்பவர்கள் இரண்டையும் படிக்கட்டும்.

காப்பாற்றப்பட்டவை: போட்டோக்கள் முப்பத்தொன்று. மைப்படம் ஒன்று. குடும்பப் புத்தகம் ஒன்று, அட்டை கொஞ்சம் கிழிந்தது. அருளப்பன். மரி.

இழந்தவை: என் அம்மா லான், வயது இருபத்தெட்டு. ஊர்க்காரர்களே புதைத்தார்கள். அந்த இடம் இப்போது இருக்கிறதா, தெரியாது.

என் தங்கை ஹோவா, அருளப்பனுக்கும் லானுக்கும் பிறந்த இரண்டாவது மகள். வயது பத்தொன்பது நாள். போட்டோ இல்லை. தாள் இல்லை. செத்தாளா, தெரியாது. இருந்தால் ஐம்பது தாண்டியிருக்கும்.