விமானத்தில் விரித்த துண்டு

"ஏட்டி, நீ முன்னால ஏறி சன்னல் பக்கம் துண்டைப் போட்டுரு. நான் பையைத் தூக்கிட்டுப் பின்னால வாரேன்."

தூத்துக்குடி விமான நிலையத்தில், சென்னை விமானத்துக்கான கியூவில் எனக்கு முன்னால் நின்ற அம்பாசமுத்திரத்துக்காரர் மனைவியிடம் சொன்னார். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறார்கள், இருவருக்கும் இதுதான் முதல் விமானம் என்பதெல்லாம் அதற்குள் கியூவுக்கே தெரிந்திருந்தது.

"டிக்கெட்லயே நம்பர் போட்டிருக்குல்லா. எனக்கு நாலாவது வரிசை, உங்களுக்கு எட்டாவது."

"பாபநாசம் பஸ்லயும்தான் சீட்டுக்கு நம்பர் எழுதிருக்கான். எவன் பாக்கான்?"

"ஆளுவ சிரிப்பாவ."

"சிரிக்கட்டும். கல்யாணமான நாள்லேருந்து ஆத்துலதான் குளிக்கோம். மேலயிருந்து எப்படி இருக்குன்னு ரெண்டு பேரும் சேந்து பாக்காண்டாமா?"

நான் ஏறியபோது, நாலாவது வரிசையில் சன்னலோரம் இருந்த என் இருக்கையில் சிவப்புக் கரைத் துண்டு ஒன்று விரித்துக் கிடந்தது. பக்கத்தில் அந்த அம்மா யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். கணவர் தலைக்கு மேலிருந்த தட்டில் பையைத் திணித்துக்கொண்டிருந்தார். நான் எட்டாவது வரிசைக்குப் போய் அவருடைய இடத்தில் உட்கார்ந்தேன்.

விமானம் எழும்பிச் சாய்ந்ததும் முன்னாலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி, அங்கன பாரு, நம்ம ஆறு."

"இம்புட்டு ஒல்லியாவா இருக்கு?"

"பையப் பேசு. அதுக்குக் கேட்டுரப் போவுது."