கழுகுக் கண் வம்சம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு மாமாவும் அவருடைய அக்கா மகனும். ரயில்வே வேலைக்கான கண் பரிசோதனையில் பையன் தேறவில்லை.

"பச்சைக்கும் செவப்புக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு ரயிலு எதுக்குடா?"

"டாக்டர் சொன்னாரு மாமா, இது அப்பன்கிட்டேர்ந்து ஆம்பளப் புள்ளைக்கு வராதாம். அம்மா வழியாத்தான் வருமாம். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதாம். தாய்மாமனுக்கு இருந்தாலும் இருக்குமாம்."

"எவன்டா அவன்? எங்க வம்சத்துக் கண்ணு கழுகுக் கண்ணு. எல்லாம் உங்கப்பன் வூட்டுக் கோளாறு. அந்த ஆளு மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே."

"அப்படிப்பட்ட மாமன் பொண்ணையே கட்டினா, பொறக்குற பொண்ணுக்கும் வரலாம்னாரு."

"ஓஹோ, என் பொண்ணு வேணாங்கிறியா? சொல்லிப்புடு, இங்கயே எறங்கிக்கறேன்."

"ஐயோ, நான் எங்க மாமா சொன்னேன்? அந்த டாக்டர்தான்."

மாமா சமாதானமாகி, மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார்.

"உன் தங்கச்சி சடங்குக்குச் சீர்ப் பொடவை. செவப்புதான் வேணும்னுச்சி. கடைக்காரன் பேச்சைக் கேக்காம நானே பொறுக்குனேன். எப்டி?"

"அசல் குங்குமம் மாமா!"

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புடவை நல்ல வெற்றிலைப் பச்சை.