லண்டன் சம்பளம்

என் மகனைச் சொந்தக்காரர்கள் முன்னால் கஞ்சன் என்று திட்டியிருக்கிறேன். லண்டனில் அவன் வாங்கும் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்து, தங்கை கல்யாணத்துக்கு அனுப்பியது போதாது என்றேன். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன் நான். எந்த நாட்டில் எத்தனை பேர் ஏழைகள் என்று எண்ணும்போது, வருமானத்தை நாணய மாற்று விகிதத்தால் மட்டும் பெருக்கக் கூடாது, அந்தந்த ஊர் விலைவாசியில் அது எவ்வளவு வாங்கும் என்று பார்க்க வேண்டும் என்று வருடந்தோறும் பாடம் சொன்னவன்.

போன வாரம் சூலூரிலிருந்து காந்திபுரம் வரும் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஏனுங்கக்கா, உங்க பையன் லண்டன்ல மாசம் ரெண்டரை லட்சம் வாங்கறானாமா?”

“அட, அங்க அவன் ஏழை அம்மணி.”

“நல்லா சொன்னீங்க போங்க! அப்ப தறி ஓட்டற நாங்கெல்லாம் என்னங்க?”

“முடி வெட்டவே ரெண்டாயிரமாமா. சம்பளத்துல பாதி வாடகைக்குப் போயிருது.”

“லீவுக்கு வரச் சொல்லுங்க, இங்க வெட்டிக்கட்டும்.”

“சிரிக்காத. பணம் அனுப்பறேன்னான். ஒண்ணும் வேண்டாங் கண்ணு, நீ மொதல்ல வயிறாரத் தின்னுன்னு சொல்லிப்போட்டேன்.”

வீட்டுக்கு வந்ததும் மகனை போனில் கூப்பிட்டேன். அன்று எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசியது தப்பு, மன்னித்துக்கொள் என்றேன். அவன் கேட்டான்:

“சரிங்கப்பா. இப்ப எவ்வளவு வேணுங்க?”